கோழிகளைப் படித்த நடுவர்

கமுலி ஊர்க் கால்பந்து லீக்கின் மூத்த நடுவர் பலிக்கோவா, ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் வெள்ளாட்டுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஆடு எதிர்த்துப் பேசவில்லை. இந்தக் காலத்து ஆட்டக்காரர்களிடம் இல்லாத ஒழுக்கம் என்று அவர் மனதுக்குள் பாராட்டவும் செய்தார்.

லீக் குழுவுக்கு அவ்வளவு ரசனை இல்லை. "கண் டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா விசிலைக் குடுத்துடுங்க."

இருபத்தாறு வருஷ விசில்! வீட்டுக்கு வந்து கொதிக்கிற பால் டீயில் ஆறு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார். ஏழாவதற்குக் கை போனபோது மனைவி நைகாகா டப்பாவைத் தூக்கிவிட்டாள்.

"இதுதாங்க உங்க கண்ணைக் கெடுக்குது."

"சர்க்கரை வாய்க்குள்ள போவுது. கண்ணுக்கு எப்படிப் போகும்? லிஃப்ட் வச்சிருக்காங்களா?"

"ரத்தத்துல போவுது. கண்ணுல லென்ஸ் இருக்குல்ல, அது பூரா புரதமாம்."

"விரதமா?"

"புரதம்! பொறந்தப்ப வந்தது சாகுற வரைக்கும் அதேதானாம். மாத்திக்க முடியாது. சர்க்கரை போயி அதுல ஒட்டிக்கும். கல்லுல கிடக்குற சப்பாத்தி செவக்குதுல்ல? அது மாதிரி மஞ்சளாகி, பழுப்பாகி, கலங்கிப்போயிடும். வயசானா எல்லாருக்கும் மெதுவா நடக்கும். உங்களை மாதிரி சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு எக்ஸ்பிரஸ்."

"அப்ப என் கண்ணுக்குள்ள சமையல் நடக்குதுங்கிற?"

"நடக்குது. அடி பிடிச்சிருச்சு. ஆபரேஷன் பண்ணிக்கலாம் வாங்க."

பலிக்கோவா ஆடு வெட்டுவதைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர். கண்ணில் கத்தியா? இந்தப் பரிசோதனையே வெறும் கண்துடைப்பு, நாமும் பதிலுக்கு ஒன்று துடைத்துவிடுவோம் என்று தீர்மானித்தார். சைக்கிள் கடை வாம்புசியை மருத்துவமனைக்கு அனுப்பி, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை அப்படியே எழுதி வரச் சொன்னார். மூன்று நாள் குளியலறையில் மனப்பாடம்.

"உள்ள என்னங்க முணுமுணுக்கிறீங்க?"

"ஜெபம்."

"இ, எஃப், பின்னு ஒரு ஜெபமா?"

"அது... லத்தீன்."

"சரி, நல்லா ஜெபிங்க" என்று சொல்லிவிட்டு நைகாகா போய்விட்டாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் அவருக்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்விட்டாள், வரிசையில் இடம் பிடிக்கிறேன் என்று. பலிக்கோவா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் ஏதோ வெள்ளையாக, நடுவில் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. அதே அட்டை!

"எதுவரைக்கும் தெரியுதோ படிங்க ஐயா," என்றார் டாக்டரம்மா.

"எதுவரைக்குமா? இ! எஃப், பி! டி, ஓ, இசட்!" குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசி வரியை மூச்சுவிடாமல் முடித்துவிட்டு, "அதுக்குக் கீழ அச்சகத்தோட பேரு பொடி எழுத்துல இருக்கு. அதையும் படிக்கட்டுமா?" என்றார்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"ஐயா, அட்டையைக் காலையிலயே கழட்டிட்டோம். அங்க தொங்குறது உங்க வீட்டம்மாவோட துணி. கோழிப் படம் போட்டது."

பலிக்கோவா கண்ணை இடுக்கிச் சுவரைப் பார்த்தார். "கோழிகூட... நல்லாத்தான் தெரியுது."

"எத்தனை கோழிங்க?" என்றாள் நைகாகா பின்னாலிருந்து.

அந்தக் கேள்விக்குப் பிறகு பேரம்தான் மிச்சம். "ஒரு கண்ணுதான்! விசில் ஊத அது போதும். இன்னொரு கண்ணைத் தொட விடமாட்டேன்." நைகாகா தலையாட்டினாள். இத்தனை சீக்கிரம் தலையாட்டியது அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று மயக்கம் வந்தது உண்மை. ஆனால் கத்தி வருவதற்கு முன்பே வந்துவிட்டதால், வலி எதுவும் தெரியவில்லை.

மறுநாள் கண் கட்டைப் பிரித்தார்கள். பழுப்புத் திரை போய், உலகம் துவைத்துப் போட்ட மாதிரி இருந்தது. எதிரில் மனைவி. கன்னத்தில் சின்ன மச்சம். எத்தனை வருஷமாயிற்று அதைப் பார்த்து! நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ந்த கையோடு, இந்த நேரத்தில் ஒரு கரண்டி சர்க்கரையாவது கேட்டு வாங்கிவிடலாம் என்றும் தோன்றியது.

"நைகாகா, நீ இத்தனை அழகுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது!"

அவள் வெட்கப்பட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"பாவம், பாதி அழகுதான் பார்த்திருக்காரு. அந்தக் கண்ணுக்கும் தேதி போட்டுருங்கம்மா."