கார்பன் காகிதத்தில் பதினான்கு ஓட்டு

சொந்தமாக நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டவன், தேர்தல் நேரத்தில் நாட்டைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். அவன் கவலை தன் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாது. நான் அப்படி இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மாசி மாதத்தில், ஒரு பாராளுமன்றத் தேர்தல் வந்தது. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் குடிமையியல் நடத்தி ஓய்வு பெற்றிருந்தேன். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து வீடுகள். முதல் வீட்டில் நானும் என் மனைவி சரஸ்வதியும். மற்ற நாலிலும் குடித்தனக்காரர்கள். எல்லாம் சேர்த்துப் பதினான்கு ஓட்டு. (பதினான்கு பேர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மாதம் எனக்கு அவர்கள் ஓட்டாகத்தான் தெரிந்தார்கள்.)

எங்கள் சந்தில் குடிநீர்க் குழாய் கிடையாது. ஊரில் தண்ணீர் வருவதே அபூர்வம். வரும் அன்று தெரு முக்குக் குழாயில் குடங்கள் சண்டை போடும். தண்ணீர் இல்லாத வீட்டுக்கு வாடகை ஏற்ற முடியாது. ஆகவே, டெல்லியில் யார் ஆள வேண்டும் என்பதை நாங்கள் வீட்டுக்காரர்கள் மாலை நேரங்களில் என் வாசலில் நாற்காலி போட்டு இப்படித்தான் முடிவு செய்தோம்.

"வீட்டு வரிய ஏத்தாதவனுக்குத்தாம்ப்பா என் ஓட்டு" என்பார் எதிர் வீட்டு மாணிக்கம்.

"வரிய விடுப்பா. குடியிருக்கவனக் காலி பண்ணவே முடியாத மாதிரி சட்டம் போடப் போறாகளாம்ல? அதப் போடாதவன் யாருன்னு பாரு" என்பார் கடைசி வீட்டுக்காரர்.

"ரெண்டும் கெடக்கட்டும். குழாய் போடுறது யாரு?" என்பேன் நான்.

வீட்டு வரியும் குழாயும் நகராட்சியின் வேலை. பாராளுமன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை எழுதாத மாணவனுக்கு இரண்டு மார்க் குறைத்தவன் நான்.

எங்கள் வார்டில் ஒரு கட்சிக்கு ராசு, எதிர்க்கட்சிக்குப் பாண்டி. ராசு முதலில் வந்தான். "காம்பவுண்டு ஓட்டு அம்புட்டும் எங்களுக்கு விழுந்துச்சுன்னா, அடுத்த மாசமே குழாய் சார். பேர மட்டும் எழுதிக் குடுங்க." மறுநாள் பாண்டி வந்தான். அதே குழாய், அதே அடுத்த மாசம்.

யார் ஜெயித்தாலும் தண்ணீர் வர வேண்டும். ஆகவே இருவருக்கும் கொடுப்பது என்று தீர்மானித்தேன். பதினான்கு பெயர்களையும் இரண்டு தடவை எழுதச் சோம்பேறித்தனம். கார்பன் பேப்பர் வைத்து ஒரே தடவையில் எழுதி, அடியில் 'அனைவரும் தங்கள் கட்சிக்கே' என்று போட்டுக் கையெழுத்தும் இட்டேன். மேல்தாள் ராசுவுக்கு. நீலத்தாள் பாண்டிக்கு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

குடித்தனக்காரர்களைக் கூப்பிட்டு, ராசுவின் கட்சிக்குப் போடச் சொன்னேன். (அவன் மச்சான் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தான். கொள்கை அவ்வளவுதான்.) மூன்று குடும்பங்கள் தலையாட்டின. மூன்றாம் வீட்டு ஸ்டீபன் மட்டும் ஆட்டவில்லை. பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். எட்டு வருடமாக அங்கே இருந்தார். மகள் ஜெனிபர் பிளஸ் டூ. அடுத்த மாதம் பரீட்சை. நர்சிங் படிக்க வேண்டும் என்று அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சார், வீடு உங்களுது. நீங்க சொன்னா ஆணி கூட அடிக்க மாட்டேன். ஓட்டு என்னுது சார்" என்றார், கும்பிட்டபடியே.

தேர்தலன்று நானும் சரஸ்வதியும் போனோம். பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி இரண்டு கட்சிகளும் பக்கத்துப் பக்கத்தில் மேஜை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேனே தவிர, ராசுவும் பாண்டியும் ஒரே தூக்குவாளியில் டீ குடிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

"சார், இங்க வாங்க! உங்க காம்பவுண்டு நம்மளுது" என்றான் ராசு.

"ஏலே, அது எங்க காம்பவுண்டு. சாரு கைப்பட எழுதிக் குடுத்திருக்காக" என்று பாண்டி தாளை எடுத்து நீட்டினான்.

ராசு தன் தாளையும் எடுத்தான். இரண்டையும் வெயிலில் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட விலகவில்லை. என் கையெழுத்து அழகு என்று ஊரில் பெயர்.

பாண்டிக்குக் கோபமே வரவில்லை. முகம்தான் வாடிவிட்டது. "அது சரி சார், எனக்கு மட்டும் ஏன் சார் கார்பன் காப்பி?"

பள்ளி வாசலைத் தாண்டி அதுவரை நீண்டிருந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் பழைய மாணவர்கள் சிரித்தார்கள். தலையாட்டிய மூன்று குடும்பங்களும் சிரித்தன. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார். சரஸ்வதி முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டாள்.

ஸ்டீபன் மட்டும் சிரிக்கவில்லை. வரிசையை விட்டு வந்து, "வெயிலா இருக்கு சார், எனக்கு முன்னாடி நில்லுங்க" என்றார்.

உள்ளே போய், ஓட்டுச்சீட்டை மறைவில் விரித்தேன். ராசுவின் சின்னத்தில் குத்தினேன். பாண்டியின் முகம் நினைவுக்கு வந்தது. கை தானாகப் போய் அவன் சின்னத்திலும் குத்தியது. நாலு தேர்தல்களில் வாக்குச்சாவடி அதிகாரியாக இருந்து, செல்லாத ஓட்டு எது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

இதுவரை உள்ளது வேடிக்கை. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

சிரித்தவர்களை என்னால் மன்னிக்க முடிந்தது. சிரிக்காத முகத்தைத் தினமும் காலையில் பார்க்க முடியவில்லை. பத்தாம் நாள் ஸ்டீபனைக் கூப்பிட்டு, மகன் சென்னையிலிருந்து வருகிறான், வீடு வேண்டும் என்றேன். அவன் வருவதாக இல்லை.

"பரீட்சை முடியட்டும் சார். ஒரே ஒரு மாசம்."

"இல்லப்பா. உடனே வாரான்."

அவர் அந்த வாரமே சாமான்களைக் கட்டினார். கன்னிவாடியில் தங்கை வீட்டுக்குப் போனார்கள். ஜெனிபர் அங்கிருந்து பஸ்ஸில் வந்து பரீட்சை எழுதினாள். வேதியியல் பரீட்சையன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. அவள் ஓடிவந்து சேர்ந்தபோது கேட்டைச் சாத்திவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. ஜவுளிக்கடையில் புடவை மடித்துப் போடும் வேலைக்குப் போனாள். சரஸ்வதி அந்தக் கடையில் அவளைப் பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்பி வந்தாள்.

மூன்றாம் வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. குழாய் ஐந்து வருடம் கழித்து வந்தது. எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, யார் ஓட்டையும் கேட்காமல்.

இப்போதும் தேர்தல் அறிவித்த அன்று மகன் போன் செய்வான். "அப்பா, கார்பன் பேப்பர் ஸ்டாக் இருக்கா?" பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் மருமகள் அந்தக் கதையைக் கேட்பாள். நானும் பாண்டியின் குரலில் சொல்லிக் காட்டுவேன். இரண்டு சின்னத்தில் குத்தியதோடு கதையை முடிப்பேன். வீடே அதிரும்.

போன பொங்கலில் சிரிப்பு அடங்கிய பிறகு, இலை எடுத்துக்கொண்டிருந்த சரஸ்வதி நிமிராமலே சொன்னாள்:

"ஸ்டீபனையும் சொல்லுங்க."

"அது யாரு மாமா?" என்றாள் மருமகள்.

எனக்குத் தாகமாக இருந்தது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.