உள்ளதைச் சொன்ன டாக்டரம்மா

விருத்தாசலம்,
12.8.1974

அன்புத் தம்பி தங்கதுரைக்கு, அக்கா நீலாவதி அநேக ஆசிகளுடன் எழுதுவது. திட்டக்குடியில் நீயும் அம்சவல்லியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க கொளஞ்சியப்பர் துணை. இங்கே சுகம் இல்லை. கடிதம் கண்டதும் பஸ் ஏறி வா.

உன் மாமாவுக்கு வயிற்றில் புற்றுநோய், இனி வைத்தியம் இல்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். பீங்கான் ஃபேக்டரி சூளையில் வெந்த மனுஷன், கடைசியில் பயந்து சாகக்கூடாது என்று வெறும் அல்சர் என்றே சொல்லி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா ராஜலட்சுமி எங்கோ புது முறை படித்துவிட்டு வந்ததாம். பிழைக்க மாட்டாதவர்களுக்கென்று ஒரு அறையை ஒதுக்கி அவரை அங்கே மாற்றிவிட்டது. அதோடு விட்டதா? தனக்கு என்ன நோய் என்று அவர் கேட்டாராம், கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது! நான் அலறினேன். அவரோ, "எனக்கு முன்னியே தெரியும்மா. இவ பயந்துடுவாளேன்னு நானும் அல்சருன்னு தலையாட்டிக்கினு இருந்தேன்" என்கிறார்.

மூக்குக் குழாயைக் கழற்றியாயிற்று, அவருக்கு வேண்டாமாம். குளுக்கோஸ் பாட்டில் கிடையாது. வலி வருவதற்கு முன்பே ஊசி, அவ்வளவுதான். "பாட்டிலு கூட ஏத்தாம இது என்னா ஆஸ்பத்திரிங்க?" என்று கத்தினேன். டாக்டரம்மா அவரிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றது. இளநீர் கேட்பார் என்று பார்த்தால், "இவ என்னை வாயாரத் திட்டி ரொம்ப நாளாவுதும்மா. வாங்க போங்கன்னு பேசுறா, பயமா இருக்குது" என்கிறார்! நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "எப்பவும் போல பேசுங்கம்மா" என்று டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு உத்தரவு வேறு. கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் திட்டியவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. இந்த அவமானத்துக்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

லீவில் போன பெரிய டாக்டர் திரும்பி வருகிறார். நீ வந்து மேசையைத் தட்டிப் பேசி, குழாயைத் திரும்பப் போடவைத்து, பழைய வார்டுக்கே மாற்றச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அம்சவல்லி தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும்.

அக்கா நீலாவதி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன்பே, அறையைக் காலி செய், குழாயைப் போடு, என்னைக் காட்டி, இந்தப் பொம்பளையை வெளியே அனுப்பு என்றார். "யாருய்யா நீ? என் வூட்டுக்காரு இப்பத்தான் வலியில்லாம தூங்குறாரு. குழாய எடுத்துக்கினு உள்ள வந்து பாரு!" என்று வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மாவும் பக்கத்தில் நிற்கிறாங்க. நீ அவசியம் வா. சண்டை இருக்கிறது, ஆனால் அவங்க பக்கம் நின்று போட வேண்டும்.