பத்துக் கோடி வருடத்து அம்மி

கல்யாண மண்டபத்தில் நீங்கள் எந்தப் பொருளைக் கொண்டுபோய் வைத்தாலும், வைத்த மறுநிமிடம் அது கல்யாணத்துக்குச் சொந்தமாகிவிடும். என் பெரியப்பா ஒருமுறை ஓரமாகக் கழற்றி வைத்த துண்டு, சாம்பார் அண்டாவை இறக்கும் பிடிதுணியாகிவிட்டது. சித்தப்பாவின் குடையை மாப்பிள்ளை அழைப்பில் யாரோ மாப்பிள்ளைக்குப் பிடித்தார்கள். அது அப்படியே பெண் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டது. (இன்றுவரை மறுவீட்டுக்குக்கூட வரவில்லை.)

இவ்வளவும் தெரிந்திருந்தும் என் கல்யாணத்துக்கு நான் ஒரு மீனை எடுத்துக்கொண்டு போனேன். அதுவும் எனக்குச் சொந்தமில்லாத மீன்.

கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்குக் கல்மீன் பைத்தியம். ஏதோ ஒரு காலத்தில் கடலடிச் சேற்றில் புதைந்து, சேறு கல்லாக இறுகியபோது தானும் சேர்ந்து கல்லில் பதிந்துபோன மீன்களைத்தான் நான் கல்மீன் என்கிறேன். பள்ளிக்கூடத்தில் திருவக்கரைக்குக் கூட்டிப்போய்க் கல்லாகிப் போன மரங்களைக் காட்டிய அன்று பிடித்த கிறுக்கு அது. மற்றப் பையன்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் வாத்தியாரிடம் போய், "சார், மரம் கல்லாவுதுன்னா மீனும் கல்லாவுமா?" என்று கேட்டேன். "நீ மொதல்ல மனுசனாவு" என்றார் அவர்.

மனுசனாகும் முயற்சி தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை கிடைத்ததும் நான் மீன்களைச் சேர்க்கத் தொடங்கினேன். குருவிநத்தத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் பிரேசில் மீன், மொராக்கோ மீன், அமெரிக்க மீன் எல்லாம் ஜாதி, மத, தேச பேதமில்லாமல் படுத்திருந்தன. தெருவில் மீன் விற்க வரும் அக்காவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தவர், "முள்ளு ஜாஸ்தி, இனிமே வாங்காத தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னைப் போன்ற கிறுக்கர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று கைபேசி வந்தபிறகு தெரிந்தது. எங்களுக்கு ஒரு குழு உண்டு. அதன் தலைவர் மாதிரி இருந்தவர் யூர்கன் என்ற ஜெர்மனிக்காரர். அவர் தன்னிடமிருந்த மிக நல்ல மீனைப் பூட்டி வைக்காமல் ஊர்சுற்ற அனுப்பியிருந்தார். லெபனான் மலையில் எடுத்த மீன். பத்துக் கோடி வருடம் வயது. ஆளுக்கு ஒரு பருவம் வைத்துக்கொண்டு, அவரவர் ஊர் ஜனங்களுக்குக் காட்டிவிட்டு, அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். அது ஜப்பான் பார்த்து, மொராக்கோ பார்த்து, என்னிடம் வந்தபோது என் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள். எனக்கு அடுத்து அர்ஜென்டினாவில் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா அதற்காகக் காத்திருந்தார்.

மீனோடு யூர்கன் மூன்று கட்டளைகளும் அனுப்பியிருந்தார். கழுவக் கூடாது. எதையும் பூசக் கூடாது. மேலே பாரம் ஏற்றக் கூடாது. (காலால் மிதிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் அதற்கான சந்தர்ப்பம் அமைந்திருக்காது.)

பெண்ணுக்கு ஊர் கரியமாணிக்கம். பெயர் புவனா. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மற்ற மாப்பிள்ளைகள் போனில் என்ன பேசுவார்களோ எனக்குத் தெரியாது. நான் செதில்களைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிர்முனையில் "ம்" என்று பதில் வரும். எவ்வளவு ரசனையான பெண் என்று பூரித்துப்போனேன். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவள் துணி மடித்துக்கொண்டே "ம்" போட்டாள் என்பது பின்னால் தெரிந்தது.

கல்யாணம் மதகடிப்பட்டில் ஒரு மண்டபத்தில். முதல் நாள் மாலை வரவேற்பு. ஊரே ஒரே இடத்தில் கூடும்போது மீனைக் காட்டாமல் வேறு எப்போது காட்டுவது? சந்தனம், கற்கண்டு வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டு, பூதக்கண்ணாடியோடு மீனை வைத்துவிட்டேன். ஜனங்கள் சந்தனம் பூசிக்கொண்டு, கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, பத்துக் கோடி வருடத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அந்த மேசைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஒரே ஆள் என் தாய்மாமன் ஏழுமலை. அவர்தான் கல்யாணத்தின் சகல காரியங்களுக்கும் பொறுப்பு. சமையல்கட்டை விட்டு அவர் நகரவே இல்லை.

வரவேற்பு முடிந்ததும் கல்லைப் பத்திரமாகச் சுற்றி மாப்பிள்ளை அறைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். சுற்றுவதற்குக் கைக்குக் கிடைத்தது ஒரு புது மஞ்சள் துண்டு. என் தலையெழுத்து அந்த மஞ்சளில்தான் இருந்தது.

மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபத்து அம்மியைக் காணவில்லை. முந்தின முகூர்த்தத்துக்கு வேறு மண்டபத்துக்காரர்கள் இரவல் வாங்கிப் போனது திரும்பவில்லையாம். இந்தக் காலத்தில் மதகடிப்பட்டு முழுக்கத் தேடினாலும் மிக்சிதான் கிடைக்கும். அம்மி மிதிக்காமல் கல்யாணம் எப்படி? மாமா ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு மாப்பிள்ளை அறைக்கு வந்திருக்கிறார். நான் அப்போது மணவறையில் உட்கார்ந்து புகையில் அழுதுகொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய கல். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஒரு மாப்பிள்ளை எதற்காகத் தன் கல்யாணத்துக்குக் கல்லைச் சுமந்துகொண்டு வருவான்? அம்மி இருக்காது என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறான். பையனுக்கு இவ்வளவு பொறுப்பா?

மாமா கல்லைப் பிரித்தார். ஒரு பக்கம் மேடும் பள்ளமுமாக ஏதோ இருந்தது. (அதுதான் மீன்.) இன்னொரு பக்கம் மழமழவென்று சுத்தமாக இருந்தது. கால் வைக்கச் சுத்தமான பக்கம்தானே சரி? மணவறை ஓரத்துக்குத் தூக்கி வந்து, என் முதுகுக்குப் பின்னால் மீனைக் கீழே கவிழ்த்து, கல் ஆடாமலிருக்க அடியில் நெல்லைக் குவித்து, தண்ணீர் விட்டுத் துடைத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, பூவையும் சுற்றிவிட்டார். யூர்கனின் மூன்று கட்டளைகளில் இரண்டை ஒரே மூச்சில் முடித்தாயிற்று. மூன்றாவதுக்குத்தான் நான் இருந்தேனே.

தாலி கட்டினேன். மேளம் கொட்டி அடங்கியது. "அம்மி மிதிக்கணும். மாப்பிள்ளை, பொண்ணு காலைத் தூக்கி அம்மி மேல வைங்கோ" என்றார் ஐயர். நான் குனிந்து புவனாவின் வலது காலைத் தூக்கினேன். தூக்கியபிறகுதான் அம்மியைப் பார்த்தேன்.

மஞ்சளுக்கு நடுவில், கல்லில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயர்ச்சீட்டு எட்டிப் பார்த்தது. அதில் யூர்கன் கையெழுத்து. அவர் பெயரின் மேலேயே அம்சமாக ஒரு குங்குமப் பொட்டு.

என் கை அப்படியே நின்றுவிட்டது. கையில் கால். கீழே மீன். காலை வைத்தால் ஜப்பான், மொராக்கோ, ஜெர்மனி, அர்ஜென்டினா எல்லா நாட்டு நம்பிக்கையும் போய்விடும். வைக்காவிட்டால் கரியமாணிக்கமும் குருவிநத்தமும் என்னைச் சும்மா விடாது.

புவனா குனிந்து மெதுவாகக் கேட்டாள். "இன்னா ஆச்சிங்க?"

"கீழ மீனு இருக்குது."

"எந்த மீனு?"

"ஜெர்மனிக்காரரு மீனு. போன்ல சொன்னனே."

"ம்" என்றாள், பழக்கதோஷத்தில். பிறகு, "சீக்கிரம் வைங்க, கால் வலிக்குது" என்றாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெண்ணின் அத்தை சத்தமாகவே கேட்டார். "இன்னாடி இது, மாப்ள பொண்ணு காலைப் புடிச்சிக்கினு ரோசனை பண்றாரு?" என் மாமனாரின் முகம் வெளிறிவிட்டது. தாலி கட்டிவிட்டு அம்மியில் காலை வைக்க மறுக்கும் மாப்பிள்ளையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே துக்கமாகிவிட்டது. மனுஷன் எத்தனை நாள் அலைந்து நடத்தும் கல்யாணம் இது.

மாமா என் தோளில் கை வைத்தார். "டேய், நீ கொண்டாந்த அம்மிதாண்டா. இன்னாத்துக்குப் பயப்படுற?"

"மாமா, இது அம்மி இல்ல மாமா."

"பின்ன இன்னா, ஆட்டுக்கல்லா? வைடா காலை."

புவனாவின் பொறுமை அத்தோடு முடிந்தது. என் கையிலிருந்து காலை விடுவித்து, தானே கல்லின் மேல் அழுத்தமாக வைத்தாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

நாயனக்காரர் வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டார். அம்மி உடைவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. "ஐயோ, மொத மிதியே இப்பிடியா?" என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். புவனா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "நான் ஒடச்சிட்டனா?" என்றாள்.

நான் பட்டு வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்தேன். (மாப்பிள்ளை மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து யாரோ சோடா கேட்டார்கள்.) கல்லைத் தடவினேன். முழுக்கல்லும் உடையவில்லை. மேலே ஒரு படலம் மட்டும் மஞ்சள் தண்ணீரில் ஊறி, மிதித்ததில் அப்பளம் போலக் கிளம்பியிருந்தது. அதைத் தூக்கினேன்.

அடியில் இன்னொரு மீன் இருந்தது.

விரல் நீளம்தான். ஒரு செதில்கூடக் கலையவில்லை. பத்துக் கோடி வருடமாக அந்தக் கல்லுக்குள் இருந்திருக்கிறது. யூர்கன் பார்த்ததில்லை. ஜப்பான் பார்த்ததில்லை. உலகத்திலேயே முதல்முதலாகப் பார்த்தது மதகடிப்பட்டு மண்டபத்தில் தரையில் கிடந்த நான்.

"மீனு! புவனா, மீனு!" என்று கத்திக்கொண்டு எழுந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தேன். மணமாலை அறுந்து கீழே விழுந்தது. பிறகு மாமனாரைக் கட்டிக்கொண்டேன். ஐயரைக் கட்டிக்கொள்ளப் போனபோது அவர் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டார். ஆனால் மனுஷர் கெட்டிக்காரர். கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மச்சம் வந்துடுத்து. பகவானோட முதல் அவதாரமே அதான். ரொம்ப விசேஷம், கெட்டிமேளம்" என்றார். நாயனக்காரர் அதற்காகவே காத்திருந்தவர் போல ஊதித் தள்ளினார். சகுனம் அந்த நிமிடத்தில் கட்சி மாறியது. சற்றுமுன் வாயைப் பொத்திய அத்தையே எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து மீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. யாரிடமும் தொட வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

பெரிய மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கவிழ்ந்தபடி நெல் குவியலில் சொகுசாகப் படுத்திருந்தது. அந்தக் களேபரத்தில் மெட்டி போட மறந்துவிட்டது. புவனா தானே ஞாபகப்படுத்தி, திரும்பக் காலைக் கொடுத்தாள். இந்த முறை யோசிக்காமல் அதே கல்லின் ஓரத்தில் வைத்து மெட்டியைப் போட்டேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. கல்யாணத்தை நேரலையில் ஒளிபரப்பிக்கொண்டிருந்தோம். அந்த இணைப்பைக் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் நான்தான் பெருமையாக அனுப்பியிருந்தேன். தண்ணீர் விட்டது, மஞ்சள் பூசியது, மிதித்தது எல்லாவற்றையும் உலகம் பார்த்திருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தபோது யூர்கனிடமிருந்து அழைப்பு வந்தது. இலையில் கேசரி வைத்திருந்தார்கள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தேன்.

"அந்தக் கல்லை நான் எத்தனையோ வருடம் கையில் வைத்துப் பார்த்தவன்" என்றார் யூர்கன். குரல் கரகரத்தது. திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "ஊசியும் கையுமாக எவ்வளவோ வேலை செய்திருக்கிறேன். எனக்கு அகப்படவில்லை. அந்தக் கால் யாருடையது?"

"என் மனைவியுடையது" என்றேன். அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னது அப்போதுதான்.

பெரிய மீன் மஞ்சள் கறையோடு அர்ஜென்டினா போய்விட்டது. டீச்சரம்மா கறையைச் சுரண்டவில்லையாம். பிள்ளைகளுக்கு மீனைவிட அந்தக் கறையின் கதைதான் பிடித்திருக்கிறது. கல்லில் ஒட்டிய சீட்டில் பெரிய மீனின் பெயருக்குக் கீழே, சின்ன மீனைக் கண்டெடுத்தவர் என்று புவனாவின் பெயரை யூர்கன் எழுதச் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் சேர்த்தும் என் பெயர் எந்தக் கல்லிலும் ஏறவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியே மீன் எதுவும் தெரியாத வெறும் கற்களாகப் பார்த்துக் குழுவில் இருந்தவர்கள் பார்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். "மேடம் ஒரு தடவை மிதித்துப் பார்க்கட்டும்" என்று ஒரு குறிப்போடு. பார்சல் வந்தது தெரிந்தால் ஏழுமலை மாமா சாயங்காலம் போன் பண்ணி, "இன்னாடா, எங்க பொண்ணு மிதிச்சாச்சா?" என்று கேட்பார். (கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து ஆளாக இருந்தவர், இப்போது அவள் கட்சி.) கூடவே இரண்டு குடும்பத்துக்காரர்களும் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். புவனா வாசலில் நெல்லைக் குவித்து, கல்லை வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். இதுவரை ஒரு நத்தை ஓடும் அரை மீனும் கிடைத்திருக்கின்றன.

எல்லாம் தயாரானதும் அவள் உள்ளே திரும்பி, "ஏங்க, வாங்க" என்று கூப்பிடுவாள். நான் போய்க் குனிந்து அவள் காலைத் தூக்கி வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கல்மீன் ஆராய்ச்சியில் இப்போது என் பங்கு அவ்வளவுதான்.