கோதண்டராமன் மால்டா போன கதை

எழுபத்தெட்டாம் வருஷம், ஏரி நிரம்பிய மறுநாள், பிள்ளைப்பாக்கம் கோதண்டராமன் ஒரு சபதம் எடுத்தார். இந்தப் போகம் சேற்றில் கால் வைப்பதில்லை. காரணம் அவர் தலையில் இருந்தது. மூளையைச் சொல்லவில்லை, முடியைச் சொல்கிறேன். காதை மூடி, பிடரியில் சுருண்டு, பெருமாள் கோயில் தேரைப் பார்க்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போன முடி. வாரி முடிக்கவே அரை மணி நேரமாகும். ஏர் பிடித்தால் சேறு தெறிக்குமே!

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அப்பாவு கொடுத்த வண்ணப் படப் புத்தகம் கைகொடுத்தது. அதை மனைவியின் முன்னால் விரித்தார்.

"மரகதம், மால்டான்னு ஒரு தீவு. எனக்கு அங்க ஓட்டல் வேலை கெடச்சிடுச்சி. அடுத்த மாசம் கப்பல். உடம்பு கறுக்கக் கூடாதாம். இனிமே கழனிக்கு வர மாட்டேன்."

மரகதம் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அங்க இன்னாய்யா கீது?"

"வெயிலு! வருசத்துல முந்நூறு நாள் வெயிலு. அதுக்காவ வெள்ளைக்காரன் பணம் கட்டிகினு வரான்."

"வெயிலுக்கா பணம்? நம்ம களத்துமேட்டுல வந்து நிக்கச் சொல்லு. சும்மாவே தரேன்."

"கடலு கண்ணாடியாட்டம் நீலமா இருக்கும்மே. கரையில ஆம்பள, பொம்பள எல்லாம் எண்ணெய் தடவிகினு மணல்ல படுத்துக்குவாங்க."

"எதுக்கு?"

"காயறதுக்கு."

"வத்தலா?"

"படகுங்களைப் பாரு. ஒவ்வொண்ணுக்கும் முன்னால கண்ணு எழுதிக் கீறான்."

"உன்னாட்டம் ஆளு ஏறாம பாத்துக்கவா?"

கேலி செய்தாலும் மரகதம் ஏர் ஓட்ட வேறு ஆள் பிடித்தாள். கோதண்டராமன் எட்டு நாள் புளியமர நிழலில் மால்டாவைப் புரட்டினார். ஒன்பதாம் நாள் அவள் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் வந்து அவர் நெற்றியில் விபூதி பூசினாள்.

"நேர்ந்துகினு வந்துட்டேன்யா."

"நான் நல்லபடியா போய்ச் சேரணும்னா?"

"நீ போவவே கூடாதுன்னு! எண்ணெய் தடவிகினு படுத்துக்கிற ஊரு நமக்கு வாணாம். நீ போவாம நின்னுட்டா, உன் முடி முருகனுக்கு."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. "யார் முடிய யாரு நேர்ந்துக்கிறது? உன் முடியக் குடு!"

"கப்பல் ஏறப் போறது நீதானே?"

"ஏறத்தான் போறேன்!"

"ஏறு. எந்தத் தேதின்னு சொல்லு. ஊரே மாலை வாங்கிகினு துறைமுகம் வரப்போவுது. நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

கோதண்டராமன் யோசித்தார். உண்மையைச் சொன்னால் மொட்டை. சொல்லாவிட்டால் ஊரே பார்க்கத் துறைமுகத்தில் மானம் போய், அதற்குப் பிறகு மொட்டை.

"வேலை... கேன்சல் ஆயிடுச்சி" என்றார் மெல்ல.

"முருகா!" என்று மரகதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வல்லக்கோட்டையில் தலையை நனைத்துவிட்டபடியே நாவிதர் வியந்தார். "நேத்து நேர்ந்தது இன்னிக்கே பலிச்சிடுச்சா! முருகன் மேல அவ்ளோ நம்பிக்கையாம்மா?"

"முருகன் மேல பாதிதாங்க" என்றாள் மரகதம். "மீதி, இவரு பொய் மேல."