இருதயத்துக்கு லண்டன்

மனிதனுக்கு ஓய்வு அவசியம் என்பதில் சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. அதை எந்த ஊரில் போய் எடுத்துக்கொள்வது என்பதில்தான் ஆம்பூர் தோல் டேனரி முதலாளி அப்துல் ஹமீத் சாயபு மாட்டிக்கொண்டார். அவருடைய டேனரியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் உத்தியோகம் எனக்கு. ஆகையால் நடந்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாதியை நானே டைப் அடித்தேன்.

சீனாச் சண்டை முடிந்த மறு வருஷம். சாயபுவின் எதிர்வீட்டு அமீர் பாஷா தோல் கண்காட்சிக்கென்று இத்தாலியிலுள்ள மிலான் நகரம் போனவர், சம்சாரம் அஃப்ஸர் ஜஹானையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்ததிலிருந்து அந்த அம்மாள் எந்தக் கல்யாண வீட்டிலும் “மிலான்ல...” என்று ஆரம்பிக்காமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிரியாணி வைத்தால் மிலானில் முதலில் சூப்பு வைப்பார்கள் என்றார். மழை பெய்தால் மிலானில் மழைகூடச் சத்தம் போடாது என்றார். எங்கள் சாயபுவின் சம்சாரம் நசீமுன்னிசா பேகம் இதையெல்லாம் ஒரு வருஷம் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலைவலி வந்தது. அந்த வருஷம் மிலாடி நபி விடுமுறை, வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒட்டினாற்போல் வந்து விழுந்தன. அந்த விடுமுறைக்குள் ஏதாவது ஒரு வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்துவிட வேண்டும் என்று பேகம் தீர்மானித்தார்.

ஊரைத் தேர்ந்தெடுக்க, மகள் சைராவின் பள்ளிக்கூட அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கொழும்பு என்று சாயபு சொன்னார். வீட்டுக்குத் தேயிலை வருகிற ஊரை வெளிநாடு என்று எப்படிச் சொல்வது என்று பேகம் கேட்டார். ரங்கூன் என்றேன் நான். ஜப்பான் சண்டைக் காலத்தில் பேகத்தின் சித்தப்பா ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். நடந்து வந்து சேரக்கூடிய ஊரை யார் மதிப்பார்கள்? சிங்கப்பூரில் பாதிப்பேர் நம் ஜில்லாக்காரர்கள், போனால் விருந்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், பக்கத்து மேல்விஷாரத்துக்குப் போய் வந்த மாதிரிதான் இருக்கும். பாரிஸ் என்றதும் சாயபு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்காகவே பாரிஸ் தள்ளுபடி ஆனது. கடைசியில் மிலானைத் தூக்கிச் சாப்பிடக்கூடிய ஊர் லண்டன் ஒன்றுதான் என்று முடிவாயிற்று.

போகவும் வரவும் பயணத்திலேயே விடுமுறை தீர்ந்துவிடுமே, லண்டனில் இருப்பதற்கு நேரமே இருக்காதே என்று நான் பணிவோடு எடுத்துச் சொன்னேன்.

“போய்ட்டு வரணும்னுதானே சொன்னேன்,” என்றார் பேகம். “இருக்கணும்னு யாரு சொன்னது?”

சென்னையில் பயண அனுமதி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அந்நியச் செலாவணி வேண்டுமென்றால் அங்கே பக்தவச்சலம் என்ற அதிகாரியைப் பார்க்க வேண்டும். ரொம்பக் கனிவானவர். யாராக இருந்தாலும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார். சாயபுவையும் என்னையும் உட்காரச் சொன்னார். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார். ஓய்வு என்றார் சாயபு.

பக்தவச்சலம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வியாபாரம், படிப்பு, யாத்திரை, வைத்தியம் ஆகிய நான்கு நோக்கங்களுக்குத்தான் சர்க்கார் மனிதர்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்றார். “ஓய்வுங்கறது ஒண்ணும் செய்யாம இருக்கிறது. ஒண்ணும் செய்யாம இருக்க நம்ம நாட்டுலேயே போதுமான வசதி இருக்கு. அதுக்குப் போய் அந்நியச் செலாவணியை வீணாக்க முடியுமா?” என்று சொல்லிக் கையை வீசி அந்தப் பெரிய ஹாலைக் காட்டினார். அங்கே முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொன்னதை மறுப்பதற்கில்லை.

அப்படியானால் வியாபாரம் என்று போட்டுக்கொள்ளுங்கள், என் தோல் லண்டனுக்குத்தானே போகிறது என்றார் சாயபு. அதற்கும் பதில் இருந்தது. சாயபு சரக்கைப் பெரியமேட்டுக் கமிஷன் ஏஜெண்டுக்குப் போடுகிறார். ஏஜெண்டுதான் கப்பலில் ஏற்றுகிறார். ஆகவே தோல் போகலாம். தோலுக்குச் சொந்தக்காரர் போக விதி இல்லை. எழுந்திருக்கப் போன எங்களை அதிகாரி கையமர்த்தினார். வைத்தியம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யோசிக்கக் கூடாது என்று கேட்டார். இருதயத்துக்கு லண்டன், காதுக்கு வியன்னா, மூட்டு வலிக்கு ரோம், வயிற்றுக்கு ஜூரிச் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. தோல் வியாதிக்கு எந்த ஊர் என்று நான் கேட்டதற்கு, ஆம்பூர்க்காரர்கள் அதை மட்டும் எழுதக் கூடாது, மேலிடத்தில் தப்பாக நினைப்பார்கள் என்றார்.

வீட்டில் மறுபடி ஆலோசனை நடந்தது. ஊர் லண்டன் என்பதால் வியாதி இருதயம் என்பது தானாகவே தீர்ந்துவிட்டது. யாருடைய இருதயம் என்பதுதான் கேள்வி. சைராவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். தாய்க்கு வியாதி என்றால் பெண்ணுக்கும் வருமோ என்று சந்தேகப்படுவார்கள். தகப்பனுக்கு இருதய வியாதி என்றால் உழைத்துச் சம்பாதித்த மனிதர் என்று பெயர். ஆகவே சாயபுவே நோயாளி, பேகம் துணை என்று ஏற்பாடாயிற்று.

டாக்டர் நயீம் அகமது சாயபுவுக்குச் சின்ன வயசு தோஸ்த். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இது டேனரியில் தோல் உருட்டும் டிரம் மாதிரி ஓடுகிறது, பொய் எழுதமாட்டேன் என்றார். அப்புறம் டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டு, “ஒரு சத்தம் கேட்டதுன்னு எழுதறேன். கேட்டது உன் நெஞ்சுலயா, வெளியே ரோட்டுலயான்னு எவனும் கேக்கப் போறதில்ல,” என்றார்.

பக்தவச்சலம் சர்ட்டிபிகேட்டைப் படித்து வருத்தப்பட்டார். வேலூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வைத்தியத்துக்கு லண்டன் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள், லண்டனிலிருந்தல்லவா வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்றார். வேலூருக்குப் புரியாத வியாதியாக இருந்தால் பார்க்கலாம். டாக்டர் நயீம் அகமது “காரணம் புரியவில்லை” என்று சேர்த்து எழுதினார். அவருடைய டாக்டர் வாழ்க்கையில் அவர் எழுதிய முழு உண்மை அது ஒன்றுதான். அதிகாரிக்குப் பரம திருப்தி. ஆனால் காரணம் புரியாத இருதயத்தை விமானத்தில் ஏற்ற முடியாதாம். அதனால் உடம்பு பூரண ஆரோக்கியமாக இருக்கிறது என்று இன்னொரு சர்ட்டிபிகேட் தேவைப்பட்டது. அதுவும் போயிற்று. ஒன்று சாகக் கிடக்கிறார் என்றது, ஒன்று குஸ்தி போடலாம் என்றது. இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்திய பக்தவச்சலம், இப்போதுதான் விதி பூர்த்தியாயிற்று என்று சொல்லி டில்லிக்கு அனுப்பிவைத்தார்.

டில்லி யோசிக்க ஆரம்பித்தது. மிலாடி நபி வந்துவிட்டுப் போயிற்று.

ஆனால் ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. சாயபுவுக்கு லண்டன் வியாதி என்று கேள்விப்பட்டு, வியாபாரிகள் ஆப்பிள் கூடையோடு வந்தார்கள். சாயபு மெதுவாக நடக்கப் பழகினார். பேச்சின் நடுவில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நிறுத்துவார். அப்படி நிறுத்திச் சொன்ன விலைக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. ஒரு மாசத்துக்குள் அமீர் பாஷாவுக்கு மூட்டு வலி கண்டது; ரோமுக்கு மனுப் போட்டார். அரிசி மில்காரருக்கு வியன்னா, ஜவுளிக்கடைக்காரருக்கு ஜூரிச். கல்யாண வீடுகளில் பெண்கள் ஒருவரையொருவர் “உங்க வூட்ல எந்த ஊரு?” என்று கேட்டுக்கொண்டார்கள். அஃப்ஸர் ஜஹான் மிலானைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். மிலானுக்கு வியாதி எதுவும் இல்லை.

டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நிற்கும் கனகராஜுக்குப் பல வருஷமாக இருமல். தோலைக் கரையேற்றிப் போட்டுவிட்டு, குனிந்தபடி இருமி முடிக்கும் வரைக்கும் மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஒருநாள் அவன் என்னிடம் வந்து, “எனக்கு இன்னா ஊரு சார்?” என்று கேட்டான். டாக்டரிடம் விசாரித்தேன். இருமலுக்கு ஊர் கிடையாது என்றார்.

சைராவைப் பெண் பார்க்க மேல்விஷாரத்திலிருந்து தில்ஷாத் பேகம் வந்தார். மாப்பிள்ளையின் தாயார். அங்கே பெரிய குடும்பம். வியாதியைக் கேட்டு மனம் மாறிவிடுவாரோ என்று நசீமுன்னிசா பேகம் பயந்துகொண்டே லண்டன் என்று சொன்னார். அந்த அம்மாள் தன் வீட்டுக்காரருக்கு வெறும் சர்க்கரைதான், வேலூரிலேயே மாத்திரை தருகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கல்யாணம் அங்கேயே நிச்சயம் ஆயிற்று.

இதற்குள் டில்லி யோசித்து முடித்தது. பாலாற்றங்கரையில் ஒரே வட்டாரத்தில் இத்தனை வசதியானவர்களுக்குக் காரணம் புரியாத வியாதி வந்திருப்பது தேசத்துக்கே ஆபத்து. காரணம் தெரியும் வரைக்கும் அந்த வட்டாரத்தார் யாரும் வெளிநாடு போகக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்க, சம்பந்தப்பட்ட லண்டன், ரோம், வியன்னா, ஜூரிச் நகரங்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவமுள்ள ஓர் அதிகாரியை அனுப்பவேண்டும் என்று உத்தரவாயிற்று. இந்த விஷயத்தில் பக்தவச்சலத்தைவிட அனுபவமுள்ளவர் யார் இருக்கிறார்கள்? அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் கவனித்துக்கொள்ள அவர் சம்சாரமும் உடன் போனார்.

நியாயமாக ஊருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நம் வியாதிகளுக்காக ஒரு அதிகாரி கடல் தாண்டிப் போகிறாரே என்று பெருமைதான் வந்தது. அவர் திரும்பி வந்ததும் ஊர் கூடி வரவேற்பு வைத்தது. நோயாளிகளுக்கு முன்வரிசை. பக்தவச்சலம் சந்தன மாலையோடு எழுந்து, நான்கு நகரங்களிலும் தாம் நேரில் தேடிப் பார்த்ததில் அந்த வியாதி எங்கேயும் தென்படவில்லை என்றும், இல்லை என்பதை உறுதிப்படுத்த இன்னொரு தடவை போக வேண்டியிருக்கிறது என்றும் அறிக்கை சமர்ப்பித்தார். அப்புறம் லண்டன் பாலத்தை வர்ணிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில் சாயபு நெஞ்சைப் பிடித்தார்.

நல்ல சமயம் பார்த்துத்தான் பிடித்தார் என்று முன்வரிசையில் மெச்சிக்கொண்டார்கள். அமீர் பாஷா தம்முடைய முட்டியைத் தடவிக்கொண்டார். பேகத்துக்கும் முதலில் சந்தோஷம்தான். அதிகாரி பார்க்கும்படி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்படி சாடை காட்டினார். பிறகுதான் சாயபுவின் சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருப்பதைக் கண்டார். “யாராச்சும் வாங்களேன், இது அந்த வலி இல்ல,” என்று பேகம் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கூட்டம் அனுதாபத்தோடு உச்சுக்கொட்டியது. அந்தப் பந்தலில் சாயபுவின் இருதயத்துக்கு ஒன்றுமில்லை என்று சர்வ நிச்சயமாகத் தெரிந்தவர் டாக்டர் நயீம் அகமது ஒருவர்தான். ஆகவே அவர்தான் எல்லாருக்கும் கடைசியாக எழுந்தார்.

பேகமும் நானும் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் பறந்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் இளம் வயசுக்காரர். வந்தது மாரடைப்பு, ரொம்பச் சாதாரணமாக எல்லாருக்கும் வருகிற வகை, சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள், பிழைத்துக்கொள்வார் என்றார். பேகம் வராண்டாவில் சுவரில் சாய்ந்து அழுதார். லண்டன் என்ற பேரையே இனி எடுக்கமாட்டேன் என்று என்னிடம் சொன்னார். ஆறு வாரம் பூரண ஓய்வு என்று சர்க்கார் செலாவணி எதுவும் இல்லாமல் சாயபுவுக்கு உத்தரவாயிற்று.

ஆனால் ஊரில் அனுதாபம் இறங்கிப்போய்விட்டது. வேலூரிலேயே புரிந்துவிட்டதாமே என்று பேசிக்கொண்டார்கள். ஆப்பிள் கூடைகள் வரவில்லை.

தில்ஷாத் பேகம் மட்டும் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டேன். அவர் உட்காராமல், வந்திருந்த டாக்டரிடம், நன்றாகப் பாருங்கள், இது வெறும் மாரடைப்பைவிடக் கொஞ்சம் பெரிய வியாதியாக இருக்க இடமே இல்லையா என்று விசாரித்தார். இல்லை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். “மேல்விஷாரம் முழுக்க லண்டன்னு சொல்லிட்டோம். பத்திரிகை வேற அடிச்சாச்சு.”

நசீமுன்னிசா பேகம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சாயபு தலையணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்; முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கைகளையும் சேர்த்து, “மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா, பொழைச்சிட்டேன்,” என்றார்.

அந்த அம்மாளும் பெரிய மனசு பண்ணி, பரவாயில்லை என்றார்.