நாலு மில்லி கோணல்

"நாலு மில்லி! மறுபடியும் நாலு மில்லி!"

பொன்னுத்துரை போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் கோப்பைக்குத் திரும்பிக்கொண்டார்கள். தாமுவே பேட்டையில் அந்தச் சந்துக்கு இது மூன்று வருஷப் பழக்கம்.

காருக்கு அடியிலிருந்து முதலில் இரண்டு கால், பிறகு வியர்த்துப்போன பனியன், கடைசியில் சிவந்த முகம் என்று அவர் வெளியே வந்தார். காரின் இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டியிருந்தார். நேற்று மாலை அந்த நரம்புக்கு அச்சு அசலாக நின்ற வலது பின்சக்கரம், இன்று நாலு மில்லி வெளியே பார்த்தது.

"பவானீ! யார் இந்த வண்டியைத் தொட்டது?"

"யார் தொடப்போறா? காலையில ஏழு மணிக்கு நீங்க போட்டாதாங் கிட்டங்கி வேலைக்குப் போறீங்க, சாயங்காலம் வந்து சத்தம் போடுறீங்க. நடுவுல இங்க நானும் காக்காவும்தான்" என்றாள் மனைவி, ஜன்னல் வழியாக.

அது பெட்டியில் துண்டு துண்டாக வந்த கார். சட்டம், கதவு, கூரை, கூடவே ஒரு புத்தகம். படித்துப் பார்த்து நாமே கட்டிக்கொள்ள வேண்டியது. வீட்டுக்காரர் பாக்கியசாமியின் (பர்மிய மரியாதைப்படி அவர் 'ஊ' பாக்கியசாமி, மனைவி 'டோ' ரோஸ்) வாசல் முற்றத்தில் வைத்துப் பொன்னுத்துரை கட்ட ஆரம்பித்தார். எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது. சைலன்ஸர் மட்டும் இன்னும் மாட்டவில்லை. பின் சஸ்பென்ஷனை மாட்டியாயிற்று, அதை நேராக்குவதுதான் பாக்கி.

"அதான் ஓடுதே. பஜாருக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன். ரெண்டு கையும் அத்துப்போகுது" என்று பவானி ஒருமுறை கேட்டிருந்தாள்.

"நூலுக்கு நேராகாம இந்த வண்டி வாசல் தாண்டாது! லைங் தாயாவுல கம்பெனி ஆளுங்களை ஏத்துற ஃபெரி பஸ் ஓட்டினவர் மகளுக்கு அலைன்மென்ட் பத்தி என்ன தெரியும்?" என்று கத்தினார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து திரும்பிய பாக்கியசாமி நின்று சொன்னதுதான் பொன்னுத்துரையை இப்படிக் காருக்கு அடியில் தள்ளியிருந்தது.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வண்டிக்கு ஒரு முடிவு கட்டணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரனை நானே கூப்பிடுவேன். ரோஸால தாங்க முடியலை."

அவ்வளவுதான். பாக்கியசாமி அதிகம் பேசுகிறவர் இல்லை.

"வாசல்ல நகராத வண்டி நிக்குதுன்னா அந்தம்மாவுக்கு அவமானமாம்! மூணு வருஷ உழைப்பை இரும்புக்குப் போடப்போறாராம்!" என்று பொன்னுத்துரை வீட்டுக்குள் வந்து குதித்தார்.

"அவரா அப்படிச் சொன்னாரு?" என்றாள் பவானி.

"வேற எப்படிச் சொல்லுவாரு?"

உள்ளுக்குள் அவருக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குத் தூக்கம் போகும். பொன்னுத்துரைக்குக் கோபம் வரும். சந்தோஷம் வந்தாலும் கோபம்தான் வரும் என்பது வேறு விஷயம்.

பக்கத்துத் தெரு வெல்டர் தஸ்தகீர் வந்து குனிந்து பார்த்தார்.

"ரப்பர் புஷ் தேஞ்சிருக்கும் அண்ணே" என்றார்.

"ஓடாத வண்டியில புஷ் எப்படிய்யா தேயும்?"

"அதான் எனக்கும் புரியலை. ஆனா தேஞ்சிருக்கே."

புது புஷ் போட்டார்கள். நரம்புக்கு நேராக நிறுத்தி, லாக் நட்டை இறுக்கி, தஸ்தகீர் சத்தியம் செய்துவிட்டுப் போனார். மறுநாள் மாலை ஆறு மில்லி.

பொன்னுத்துரை ஸ்பானரை எறிந்தார். அது பாக்கியசாமியின் பூந்தொட்டியில் விழுந்தது. அப்போதுதான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்திருந்த அரிசி மூட்டை அவர் கண்ணில் பட்டது.

ஓட்டுநரின் எடை இருக்கையில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பது புத்தகத்தின் கட்டளை. பொன்னுத்துரை நாற்பத்தேழு வீசை. தானே உள்ளே உட்கார்ந்து தானே வெளியே அளக்க முடியாதே? அதனால் வீட்டு அரிசி மூட்டை முப்பது வீசை, மீதிக்குப் பழைய இரும்பு என்று மாலையில் அளக்கும்போது மட்டும் தனக்குப் பதிலாக ஏற்றி வைப்பார். இப்போது மூட்டையின் வாய் தொங்கிக்கிடந்தது.

"பவானீ! இதுலேருந்தா சோறாக்குற?"

"வேற எதுலேருந்து ஆக்க? உங்க ஸ்பிரிங்கையா வேகவைக்க?"

"அடிப்பாவி! தினம் என்னை வடிச்சுக் கொட்டிட்டு இருந்திருக்கே! வெயிட்டு குறைஞ்சா கோணாம என்ன செய்யும்?"

காரணம் பிடிபட்ட உற்சாகத்தில் இன்னும் இரண்டு மடங்கு கோபம் வந்தது. மூட்டையை நிரப்பித் தைத்து, இனி ஒரு மணி அரிசி எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அன்று இரவும் மறுநாளும் வீட்டில் நூடுல்ஸ். மூன்றாவது வேளை நூடுல்ஸைத் தட்டில் போட்டபோது பவானி அவரைப் பார்த்த பார்வையில், சாதாரண மனிதனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான்.

வியாழக்கிழமை மாலை அளந்தார். அரிசி அப்படியே இருந்தது. கோணல் ஏழு மில்லி.

"சக்கரத்தைப் பிடிக்கிற பிராக்கெட்டை வெட்டு!" என்று தஸ்தகீரிடம் கத்தினார்.

"அண்ணே, பிராக்கெட்டுல குத்தமில்லை..."

"வெட்டுய்யா!"

தஸ்தகீர் வெட்டினார். திரும்ப வைத்து ஒரு பக்கம் பற்றவைத்தார். மறுபக்கத்துக்குக் கம்பியைக் கொண்டுபோகும்போது கரண்ட் போயிற்று. ஒரு பக்கம் மட்டும் ஆறிய இரும்பு தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்து, "மீ வந்தாச்சு!" என்று சந்தே பர்மியச் சொல் போட்டுக் கரண்டை வரவேற்றபோது, சக்கரம் ஒன்பது மில்லி கோணிக்கொண்டு நின்றது. மறுபக்கத்தையும் அப்படியே பற்றவைத்தார்கள்.

"தரைதான் கோணல்! இந்த முற்றத்துத் தரையே கோணல்!" என்று பொன்னுத்துரை காலால் சிமெண்டை உதைத்தார்.

மேல்மாடியிலிருந்து பாக்கியசாமி எட்டிப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பெருவிரல் வீங்கிப்போனதால் பொன்னுத்துரையால் மாடிக்கு ஓடிப்போய்ச் சண்டை போட முடியவில்லை.

வெள்ளிக்கிழமைதான் மோசம். பெட்ரோல் டாங்கியைத் திறந்தவர், போன வாரம் ததும்ப நின்றது பாதிக்கும் கீழே போயிருந்ததைப் பார்த்தார். வண்டியைத் தொடுகிற வெளியாள் ஒருவர்தான்.

"தஸ்தகீர், கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

தஸ்தகீருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷம் உங்க வாய்க்குப் பொறுத்தேன் அண்ணே. இது வாய் இல்லை, திருட்டுப் பட்டம்" என்று சொல்லி, வெல்டிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திண்டாட்டம்தான். பொன்னுத்துரை தனியாகவே அடியில் படுத்தார். பிராக்கெட்டின் இழுப்பை ஜாக்கி கொடுத்து நெம்பி, நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, இருட்டுவதற்குள் நரம்புக்கு நேராக நிறுத்திவிட்டார். சனிக்கிழமை கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாள் முழுக்கக் காவல் இருந்தார்.

பதினொரு மணிக்குப் பவானி இரண்டு பைகளோடு வாசலுக்கு வந்து, அவரையும் நாற்காலியையும் பார்த்தாள்.

"இன்னிக்குப் பூராவும் இங்கேயேதான் இருப்பீங்களா?"

"ஆமா! அசையமாட்டேன்!"

அவள் பஜாருக்கு நடந்தே போனாள். உச்சி வெயிலில், இரண்டு கையிலும் சுமையோடு, முகம் கன்றிப்போய்த் திரும்பி வந்து, அன்றைக்கு மீனை வெட்டிய வெட்டில் பலகை பிளந்தது.

மாலையில் அளந்தார். நரம்பும் சக்கரமும் ஒட்டி நின்றன. மயிரிழைகூட நகரவில்லை!

"பார்த்தியா? நான் பக்கத்துல இருந்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும்!" என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாக்கியசாமியும் அவர் மனைவி டோ ரோஸும் மாதா கோயிலிலிருந்து வரும் நேரத்துக்குச் சரியாக, பொன்னுத்துரை சலவைச் சட்டையோடு இருக்கையில் உட்கார்ந்தார். அரிசி மூட்டை வீட்டுக்குள் போயிருந்தது. டீக்கடை முழுவதும் எழுந்து நின்றது. மனசு கேட்காமல் தஸ்தகீர்கூட முக்கில் வந்து, வேறு எங்கோ பார்ப்பது போல நின்றார்.

சாவியைத் திருப்பினார். சைலன்ஸர் இல்லாத எஞ்சின் சந்து முழுவதையும் அதிர வைத்தது. டோ ரோஸ் காதைப் பொத்திக்கொண்டார். கார் வாசலைத் தாண்டியது. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். வண்டி நூல் பிடித்தாற்போல நேராகப் போயிற்று. முக்கு வரை போய்த் திரும்பி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி இறங்கியபோது பொன்னுத்துரையின் கண்ணில் நீர் நின்றது. அவமானப்பட்ட மூன்று வருஷமும் சேர்ந்து, அவர் வாழ்க்கையிலேயே பெரிய கோபமாகக் கிளம்பியது.

"இப்ப சொல்லுங்க! இரும்புக்குப் போடுவீங்களா? நகராத வண்டி, நகராத வண்டின்னு சொன்னீங்களே, நகர்ந்துச்சா இல்லையா?"

பாக்கியசாமி திருதிருவென்று விழித்தார். பவானி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவசர வேலை இருப்பவள் போல அடுப்படிக்கு விரைந்தாள். டோ ரோஸ்தான் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"நகரலைன்னு யாருப்பா சொன்னா? தினம் பதினொரு மணிக்கு உன் பெஞ்சாதி இந்தச் சனியனைக் கிளப்பிக்கிட்டு பஜாருக்குப் போற சத்தத்துல எனக்கு மண்டை வெடிக்குது, அதை நிறுத்தச் சொல்லித்தானே ஞாயித்துக்கிழமை வரைக்கும் கெடு குடுத்தோம்!"