மீன் தண்ணீர் குடித்த சுரைக்கொடி

கல்கத்தாவில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். சுரைக்காய் மாமாவைப் போல எங்களைத் தூக்கிவாரிப்போட வைத்த மனுஷர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

அப்போது பாலிகஞ்ச் முக்கால்வாசி வயலும் குளமும். காளிகாட்டில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் அங்கே ரயில் பாதையோரமாக ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, வீட்டுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டோம். தை கடைசியில் பூக்கோசு முடிந்துவிடும். கட்டைகளைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, எருவும் சாம்பலும் போட்டுக் கோடைக்கு விதை ஊன்ற வேண்டும். நாங்களெல்லாம் ஆள் வைத்துக் கொத்தினோம். மாமாவோ பெரிய பாங்கி உத்தியோகஸ்தர். ஆபீசுக்குக் கிளம்பின கோட்டும் தலைப்பாகையுமாகவே மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்.

ஒருநாள் பனி கொட்டுகிறது. அவருடைய சுரைக்கன்றுகளின்மேல் என்னவோ பளபளவென்று கிடக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், மாமியின் கூரைப்புடவை!

"ஐயோ! உங்களுக்குப் பித்துப் பிடிச்சுடுத்தா?" என்று மாமி அலறினாள்.

"கத்தாதேடி. குழந்தைகள் குளிர்லே நடுங்கறது."

"நான் நடுங்கினா எதைப் போர்த்துவேள்?"

"நீ எத்தனையோ பனி பார்த்தவ. இதுகளுக்கு இதுதானே முதல் பனி!"

அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது.

மாசியில் எங்கள் கொடியெல்லாம் தரையில் சோம்பிக் கிடக்க, அவருடையது மட்டும் பந்தலேறிவிட்டது. ஒரு காலை சீக்கிரமே போனேன். மாமா மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, கழி நுனியில் ஒரு பானையைத் தொங்கவிட்டு, மேலே படாமல் வேரில் கவிழ்க்கிறார்.

"என்ன மாமா அது?"

"கங்கா தீர்த்தம்."

"கங்கையிலே செதிள் மிதக்குமா?"

மீன் கழுவின தண்ணீர்! பக்கத்து வங்காளி வீட்டில் சுரைக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம். இவரும் ரெண்டு வருஷமாக வாங்கி ஊற்றுகிறாராம்.

"செடி குடிக்கறது, நானா குடிக்கறேன்? செடி என்ன பூணூலா போட்டிண்டிருக்கு?"

போன வருஷப்பிறப்புக்கு அவர் கொடுத்த சுரைக்காயில் கூட்டு வைத்தோம். என் மாமியார் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது ஞாபகம் வந்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் காதில் விழுந்ததும் மாமியார் தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு, எல்லோரையும் தோட்டத்துக்கே வரவழைத்தார். "இவர் பங்கைப் பிடுங்குங்கோ!"

எதற்கும் பதில் வைத்திருக்கிற மாமா அன்றைக்குக் கையைக் கூப்பினார். பிள்ளை குட்டி இல்லாத மனுஷர். கண் கலங்கிவிட்டது. "அம்மா, உத்தியோகத்தை வேணா விட்டுடறேன். இந்தப் பாத்தியை மட்டும் பிடுங்காதேங்கோ."

"அப்போ அத்தனை கொடியும் வேரோட வரணும். மண்ணையும் மாத்தணும்."

கொடிகளை அவரே பிடுங்கினார். மண்ணை அவரே வெட்டி வெளியே கொட்டினார். வெறும் சாணி எருவில் மறுபடி விதைத்தார். வைகாசியில் வீட்டுக்கு ஒரு காய் கொண்டுவந்து கொடுத்தார். வெண்டைக்காய்க்கு அண்ணன் மாதிரி இருந்தது. மாமியார் கூட்டு வைத்துச் சாப்பிட்டார். "சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இலையை மூடிவிட்டார்.

அடுத்த மாசியில் ஒரு காலை நாங்கள் களை எடுத்துக்கொண்டிருந்தோம். மாமா மூக்கில் துண்டோடு வேலியோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தார். மாமியார்தான் முதலில் கவனித்தார்.

"ரயில் வரது பாருங்கோடி" என்றார்.

அத்தனை பேரும் மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றோம். அந்த மாசி முழுதும் தினமும் நின்றோம். அந்த வேளைக்கு அந்தப் பாதையில் ரயிலே கிடையாது.